இடது கண் 505 மைக்ரோன், பவர் மைனஸ் 6: லேசர் செய்யலாமா? செலவும் ஆபத்தும் சொல்லுங்க

மல்லியப்பூ சந்தி எழுதியது:

வணக்கம். வயசு 27. ஹட்டன் பக்கம் ஸ்கூல்ல படிப்பிக்கிறேன். வலது கண் மைனஸ் 5.50, சிலிண்டர் (ஒரு திசையில மட்டும் கூடுற பவர்) மைனஸ் 0.75. இடது கண் மைனஸ் 6.00, சிலிண்டர் மைனஸ் 1.25. ரெண்டு வருஷமா பவர் மாறல.

கொழும்புல ஒரு தனியார் இடத்துல காட்டினேன். லென்ஸைக் கழட்டச் சொல்லி உடனே ஸ்கேன் எடுத்தாங்க. கோர்னியாவோட (கண்ணோட முன்பக்கத் தெளிவான படலம்) தடிப்பு வலது 512, இடது 505 மைக்ரோன். "தாராளமா செய்யலாம்"னு சொன்னாங்க. ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து லேசிக் 340,000 ரூபா, "கத்தி படாத" முறை 490,000 ரூபா.

இப்ப எனக்கு ஆகுற செலவு: ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடி 32,000. கொன்டாக்ட் லென்ஸும் அதுக்கான தண்ணியும் மாசம் 5,500. பின்னேர வகுப்பு முடிச்சு இருட்டுல, பனிமூட்டத்துல ஸ்கூட்டர்ல வாறேன். தூசி பட்டா கண் அரிக்கும், கசக்குற பழக்கம் இருக்கு. இது பெறுமதியான செலவா? என்ன பிழைக்கலாம்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

கட்டுக்கலை எழுதியது:

டீச்சர், விலையை அப்புறம் பார்ப்போம். முதல்ல அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒதுக்கி வைங்க. லென்ஸைக் கழட்டின கையோட எடுத்த அளவை வெச்சு யாரும் லேசர் முடிவு எடுக்கக் கூடாது. லென்ஸ் போட்டிருக்கும்போது கோர்னியாவுக்குக் காத்து குறையும், லேசா வீங்கும், வடிவமும் அழுந்தி மாறும். உண்மையான தடிப்பு 505ஐவிடக் குறைவா இருக்கலாம். சாதாரண சொஃப்ட் லென்ஸ்னா குறைஞ்சது 1 கிழமை, சிலிண்டர் உள்ள டொரிக் லென்ஸ்னா 2 கிழமை, கடின லென்ஸ்னா 3, 4 கிழமை போடாம இருந்துட்டு எடுக்கணும். சந்தேகம் இருந்தா சில நாள் விட்டு இன்னொரு தடவை எடுத்து, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும்.

சரி, 505ன்னே வெச்சுக் கணக்குப் போடுவோம். லேசிக்ல முதல்ல கோர்னியாவோட மேற்பக்கத்தை மெல்லிசா ஒரு மூடி மாதிரி வெட்டித் திருப்புவாங்க. லேசரால வெட்டினா அது ஏறக்குறைய 110 மைக்ரோன். அதுக்குக் கீழ இருக்கிற திசுவைத்தான் எக்ஸைமர் லேசர் செதுக்கும். 6.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கினா ஒரு பவருக்கு 14 மைக்ரோன் அளவுக்குப் போகும். உங்க இடது கண்ணுல சிலிண்டரையும் சேர்த்தா ஒரு திசையில 7.25 பவர் எடுக்கணும். அது 101 மைக்ரோன். 505ல இருந்து 110ஐயும் 101ஐயும் கழிச்சா மிச்சம் 294.

மிச்சம் 250க்குக் கீழ போகவே கூடாதுங்கிறது பழைய எல்லை. 300 இருந்தாத்தான் தொடுவேன்னு சொல்ற டொக்டர்மார் நிறைய. இன்னொரு அளவும் இருக்கு: மூடியும் செதுக்கினதும் சேர்ந்து மொத்தத் தடிப்புல எத்தனை சதவீதம்? 40ஐத் தாண்டினா ஆபத்து ஏறுது. உங்க இடது கண் 41.8. வலது கண்ணுக்கு மிச்சம் 314, சதவீதம் 38.7. அதாவது வலது கண் கோட்டுக்கு உள்ளே, இடது கண் கோட்டைத் தாண்டி நிக்குது. மூடியை லேசர் இல்லாம பிளேட்டால வெட்டினா அது 130 வரைக்கும் போகலாம். அப்போ இடது கண்ணுல மிச்சம் 274, சதவீதம் 45க்கு மேல. 340,000 ரூபாய்க்கு மூடியை எதால வெட்டுவாங்கன்னு கேட்டீங்களா?

செதுக்குற அகலத்தை 6 மில்லிமீட்டராக் குறைச்சா பவருக்கு 12 மைக்ரோன் போதும். மிச்சம் 308, சதவீதம் 39. கணக்கு அழகா வரும். ஆனா இருட்டுல கண்மணி 6 மில்லிமீட்டரைவிட விரியுறவங்களுக்கு, செதுக்கின வட்டத்தோட ஓரம் பார்வைக்குள்ள வந்துரும். எதிர்ல வாற லைட்டைச் சுத்தி வளையம், சிதறல். பனிமூட்டத்துல ஸ்கூட்டர் ஓட்டுற ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்ல. இருட்டு அறையில கண்மணி எத்தனை மில்லிமீட்டர்னு அளந்து எழுதித் தரச் சொல்லுங்க.

எல்லாத்தையும்விட என்னை உறுத்துறது நீங்க கடைசியா போகிற போக்குல சொன்னது. கண் கசக்குறது. கெரட்டோகோனஸ்னு ஒரு நோய், கோர்னியா மெலிஞ்சு கூம்பா முன்னுக்குத் தள்ளும். நம்ம தெற்காசிய ஆக்களுக்கு அது மற்றவங்களைவிட அதிகம், அலர்ஜியும் கசக்குறதும் அதுக்குத் துணை. ஆரம்பக் கட்டத்துல கண்ணாடி போட்டா நல்லாத்தான் தெரியும், ஸ்கேன்லதான் பிடிபடும். அந்தக் கண்ணை லேசரால மெலிய வெச்சா மாசக்கணக்குல, சில நேரம் வருஷங்கள் கழிச்சு, கோர்னியா தள்ளிக்கிட்டு வரும். பிறகு கோர்னியாவை இறுக்குற குரொஸ் லிங்கிங், கடின லென்ஸ், கடைசியில கோர்னியா மாற்றுறது வரைக்கும் போகும். 1961ல ஹட்சன் சில்வா தொடங்கின கண் தானச் சங்கம் உலகத்துக்கே கோர்னியா அனுப்புறது நமக்குப் பெருமைதான். அதுக்காக நாம அந்த வரிசையில போய் நிக்கணும்னு இல்லையே.

ஸ்கேனோட கலர்ப் பிரதியைக் கையில வாங்குங்க. வாயால சொல்ற "நோர்மல்" போதாது. அதுல மூணு இடம்: கீழ்ப்பாதி மேல்பாதியைவிட வளைவு கூடவா, பின்பக்கப் படத்துல மேடு தெரியுதா, ஆக மெல்லிசான புள்ளி நடுவுல இருந்து கீழ இறங்கி இருக்கா. இதுல எது இருந்தாலும் இன்னொரு கோர்னியா டொக்டரைக் காட்டாம கையெழுத்துப் போடாதீங்க.

பண்டாரவளைக் காத்து எழுதியது:

மேல உள்ள கணக்கு சரி. ஆனா லேசிக் மட்டும்தான் வழின்னு நினைக்க வேணாம். "கத்தி படாத"ங்கிறது ஒரு முறையோட பேரே இல்ல, விளம்பரப் பேச்சு. மூடியை லேசரால வெட்டுற லேசிக்கையும் அப்படித்தான் சொல்லுவாங்க, ஸ்மைலையும் அப்படித்தான் சொல்லுவாங்க. 150,000 ரூபா வித்தியாசம் எதுக்குன்னு பேரோட எழுதி வாங்குங்க.

ஸ்மைல்ல மூடி கிடையாது. உள்ளுக்குள்ள ஒரு மெல்லிய வில்லையை லேசர் வரைஞ்சு விடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் வாய் வழியா டொக்டர் அதை உருவி எடுப்பார். நரம்பு குறைவா அறுபடுறதால கண் வறட்சி லேசிக்கைவிடக் குறைவு, மூடி விலகுற பயமும் இல்ல. ஆனா அதே பவருக்கு எடுக்கிற திசு கொஞ்சம் கூட. ஆகவே "505க்கு ஸ்மைல் பாதுகாப்பு"ன்னு யாராவது சொன்னா அப்படியே நம்பாதீங்க, ஸ்மைலுக்குப் பிறகும் கோர்னியா தள்ளின சம்பவங்கள் பதிவாகி இருக்கு.

ஸ்கேன் சுத்தமா வந்தா உங்க இடது கண்ணுக்கு நான் பார்க்கிறது பீஆர்கே. பழைய முறை, அமெரிக்காவுல 1995லயே அனுமதி வந்தது. மூடி வெட்டாம மேல்தோலை மட்டும், 50 மைக்ரோன் அளவு, நீக்கிட்டு நேரா செதுக்குறது. தோல் திரும்ப வளர்ந்துரும். 505ல 50ம் 101ம் போனா 354 மிச்சம். சதவீதம் 30 தான்.

அதுக்குக் கொடுக்கிற விலை வேற. முதல் 2, 3 நாள் நல்லா வலிக்கும், கண்ணைத் திறக்க முடியாம தண்ணி ஊத்தும். 4, 5 நாள் பாதுகாப்பு லென்ஸ் போட்டு வைப்பாங்க. கரும்பலகைக்கு முன்னால நம்பிக்கையா நிக்க 2 கிழமை போகும், பார்வை முழுசா தெளிய மாசங்கள் ஆகும். மைனஸ் 6 மாதிரிப் பெரிய பவருக்குப் பிறகு கோர்னியாவுல புகை படிஞ்ச மாதிரி மங்கல் வரலாம். அதைத் தடுக்க ஒப்பரேஷன் நேரம் மைட்டோமைசின் 0.02 சதவீதம் சில வினாடி வைப்பாங்க. வைப்பாங்களான்னு கேளுங்க. வெயில்ல உள்ள புற ஊதாக் கதிர் அந்த மங்கலைத் தூண்டும். மலையில 1000 மீட்டர் ஏறினா அது 10 சதவீதம் அளவுக்குக் கூடும், ஹட்டன் 1200 மீட்டருக்கு மேல. குளிருதேன்னு ஏமாற வேணாம். பக்கவாட்டும் மூடுற, 400 நனோமீட்டர் வரைக்கும் தடுக்கிற கறுப்புக் கண்ணாடியை மாசக்கணக்குல போடணும்.

இன்னொண்ணு ஸ்டீரொய்ட் சொட்டு. பீஆர்கேக்கு அது கிழமைக்கணக்குல, சில நேரம் 2, 3 மாசம். சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், வலி இல்லாம. கோர்னியா மெலிஞ்சிருக்கிறதால அழுத்த மெஷினும் உண்மையைவிடக் குறைச்சுக் காட்டும். 1ஆம் மாசச் செக்கப்பைத் தவறவிடக் கூடாது. முடிஞ்ச போத்தலை பார்மசியில நீங்களா திரும்ப வாங்கிப் போடவும் கூடாது.

கண்ணாடிக்கடை எழுதியது:

பணக்கணக்கு. கண்ணாடி வருஷத்துக்கு 16,000, லென்ஸ் 66,000. மொத்தம் 82,000. ஒப்பரேஷனுக்கு 340,000, அதோட டெஸ்ட், சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, கொழும்புல தங்குற செலவு, துணைக்கு வாற ஆளோட செலவு எல்லாம் 60,000னு வைங்க. 400,000. லென்ஸையும் விட்டுட்டீங்கன்னா 5 வருஷத்துல கட்டுப்படியாகும். 490,000 முறைன்னா ஏறக்குறைய 7 வருஷம். ஆனா லென்ஸை விட்டுட்டுக் கண்ணாடியோட மட்டும் இருக்க உங்களால முடியும்னா, 400,000ஐ 16,000ஆல பிரிச்சுப் பாருங்க: 25 வருஷம். அப்போ உங்களுக்கு வயசு 52. அதுக்கு முன்னாடியே, 40க்கு மேல, எப்படியும் வாசிக்கிற கண்ணாடி வந்துரும். லேசர் அதைத் தடுக்காது. ஆகவே இது மிச்சம் பிடிக்கிற செலவு இல்ல, வசதிக்குக் கொடுக்கிற காசு. அப்படி நினைச்சுக் கொடுத்தா மனவருத்தம் இல்ல. நகையை அடகு வெச்சுச் செய்யறதா இருந்தா வட்டியையும் இதுல ஏத்திப் பாருங்க, 5 வருஷம் 5 வருஷமா நிக்காது.

விலைச்சிட்டுல எழுத்தில வரவேண்டியது: விலை ரெண்டு கண்ணுக்குமா, சொட்டு மருந்து உள்ளேயா, 1 மாசம் 3 மாசம் 6 மாசச் செக்கப் உள்ளேயா, பவர் மிச்சம் வந்தா திரும்பச் செய்யக் காசு எடுப்பாங்களா, எத்தனை வருஷத்துக்குள்ள. கடைசிக் கேள்வி உங்களுக்கு முக்கியம். பெரிய பவர்லதான் மிச்சம் வர வாய்ப்புக் கூட, ஆனா இடது கண்ணுல திரும்பச் செதுக்கத் திசு இருக்காது. இலவசமா திரும்பச் செய்யறோம்னு சொல்ற வாக்குறுதி அந்தக் கண்ணுக்கு வெறும் காகிதம். அரச ஆசிரியர்னா அக்ரஹார காப்புறுதி இதுக்குத் தருமான்னு முன்கூட்டியே எழுதிக் கேளுங்க. பவர் குறைக்கிற ஒப்பரேஷனை நிறையக் காப்புறுதி ஏத்துக்கிறதில்ல.

மதுரை, சென்னைன்னு போக நினைக்கிறவங்களும் இருக்காங்க. அங்க விலை குறைவா வந்தாலும் விசா, டிக்கெட், ஒரு கிழமைத் தங்கல் எல்லாம் சேர்த்துப் பாருங்க. 3ஆம் மாசம் ஒரு சந்தேகம்னா திரும்ப அங்க போவீங்களா? இங்க உள்ள டொக்டர் வேற ஆள் செஞ்ச கண்ணைப் பார்ப்பார், ஆனா பொறுப்பெடுக்க மாட்டார்.

ஒப்பரேஷனுக்கு முந்தின பவர், வளைவு அளவு, தடிப்பு, ஸ்கேன் பிரதி எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வீட்டுல வைங்க. 60 வயசுல கண்புரை வந்து உள்ளே லென்ஸ் வைக்கும்போது, லேசர் செஞ்ச கண்ணுக்கு வழக்கமான சூத்திரம் பிழையா வரும். அந்தக் காகிதம் இருந்தா கணக்கு நேராகும். ஆஸ்பத்திரி அத்தனை வருஷம் பத்திரமா வெச்சிருக்கும்னு நம்பாதீங்க.

நானுஓயா ஸ்டேஷன் எழுதியது:

பண்டாரவளைக் காரர் சொல்ற பீஆர்கே தடிப்புக் கணக்குல சரி, ஒத்துக்கிறேன். ஆனா 7.25 பவரை பீஆர்கேயில எடுத்துட்டு மலையில வந்து வெயிலும் புகையுமா இருக்கிற ஆளுக்கு மங்கல் வர வாய்ப்பைக் குறைச்சுப் பேசக் கூடாது. வீட்டுல விறகு அடுப்பா? முதல் மாசம் குசினிப் பக்கமே போக வேணாம். ஐசீஎல் ஒண்ணும் கேட்டு வைங்க: கோர்னியாவைச் செதுக்காம, கண்ணுக்குள்ள கருவிழித் திரைக்குப் பின்னால மெல்லிய லென்ஸ் வைக்கிறது. வேணாம்னா எடுக்கலாம். முன்னறை ஆழம் 2.8 மில்லிமீட்டருக்குக் குறையாம இருக்கணும், விலை லேசரைவிடக் கூட. கண்ணுக்குள்ள போற ஒப்பரேஷன்ங்கிறதால தொற்று வந்தா அது பெரிய தொற்று, பிறகு கோர்னியாவோட உட்பக்கச் செல் எண்ணிக்கையும் கண் அழுத்தமும் வருஷா வருஷம் பார்க்கணும். காசுக்காக இல்ல, கண்ணோட கணக்குக்காகக் கேளுங்க.

மலையில இருக்கிறவங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் தூரம். லேசிக் முடிஞ்ச அன்னைக்கே வண்டி ஏறி கித்துல்கல, கினிகத்தேனை வளைவெல்லாம் சுத்திக்கிட்டு ஹட்டன் வரக் கூடாது. மறுநாள் செக்கப் கட்டாயம். மூடிக்குக் கீழ கிருமி இல்லாமலே வாற ஒரு அழற்சி இருக்கு, முதல் 3 நாளுக்குள்ள தலைகாட்டும், அப்பவே பிடிச்சா சொட்டு மருந்தோட போயிரும், விட்டா மூடியைத் தூக்கிக் கழுவணும். லேசிக்னா 3 இரவு, பீஆர்கேன்னா பாதுகாப்பு லென்ஸைக் கழட்டுற வரைக்கும், கீழேயே தங்குங்க.

மேல வந்த பிறகு தண்ணி. பீலித் தண்ணியும் (மலை ஊற்றுத் தண்ணி) தோட்டத்துப் பைப் தண்ணியும் அநேகமா சுத்திகரிக்காதது. அகந்தமீபான்னு ஒரு உயிரி அதுல இருக்கலாம், கோர்னியாவைத் தின்னுரும், மருந்துக்கும் இலேசுல கேக்காது. ரெண்டு கிழமைக்குக் கண்ணுல தண்ணி படவே கூடாது. முகத்தைத் துணி நனைச்சுத் துடைங்க, தலைக்கு ஊத்துறதா இருந்தா வேற ஆள் பின்பக்கமா சாய்ச்சு ஊத்தட்டும். இப்ப லென்ஸ் போடும்போது பெட்டியை அந்தத் தண்ணியில கழுவுறீங்கன்னா, இன்னைக்கே நிறுத்துங்க.

வலி குறையாம கூடுறது, தெளிஞ்ச பார்வை திரும்ப மங்குறது, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், சீழ்: இதுல எது வந்தாலும் நாளைக்குப் பார்ப்போம்னு இருக்காதீங்க. செஞ்ச இடத்துக்கு ஃபோன், கிடைக்காட்டி அன்னைக்கே கண்டி தேசிய வைத்தியசாலை கண் பிரிவு. ஒப்பரேஷன் சிட்டையைக் கையோட கொண்டு போங்க.

விழித்திரையை யாரும் சொல்லல. மைனஸ் 6 கண் நீளமான கண். லேசர் முன்பக்கத்தை மட்டும்தான் மாத்தும், பின்பக்கம் அப்படியே மெல்லிசா இருக்கும். கண்மணியை மருந்தால விரிச்சு விழித்திரை ஓரம் பார்த்தாங்களா? பார்க்காம "தாராளமா"ன்னு சொல்லியிருந்தா அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்ல. கண்ணாடி கழண்ட பிறகும் மின்னல் வெட்டுறது, கறுப்புப் புள்ளி திடீர்னு கொட்டுறது, ஒரு பக்கம் திரை விழுறதுன்னு வந்தா அது அவசரம்.

மல்லியப்பூ சந்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கண்மணி விரிக்கல, கலர்ப் பிரதியும் தரல. லென்ஸ் டொரிக்தான். கட்டுக்கலை அண்ணா, இருட்டுல லைட்டைச் சுத்தி வளையம் எவ்வளவு பேருக்கு வருது? கண் வறட்சி நிரந்தரமா? அடுத்த வருஷம் கல்யாணம், அதுவும் ஒரு கணக்கு. செய்யறதா இருந்தா டிசம்பர் லீவுல செய்யலாமா?

கட்டுக்கலை எழுதியது:

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சேர்ந்து நடத்தின லேசிக் ஆய்வுல, முன்னாடி எந்தத் தொல்லையும் இல்லாதவங்கள்ல 46 சதவீதம் வரை, 3ஆம் மாசம் வளையம், சிதறல், இரட்டைத் தோற்றம் மாதிரி ஏதாவது ஒண்ணு புதுசா இருக்குன்னு சொன்னாங்க. 30 சதவீதம் வரை புதுசா வறட்சின்னு சொன்னாங்க. அதே ஆய்வுல, அந்தப் பார்வைத் தொல்லையால அன்றாட வேலையே சிரமமாப் போச்சுன்னவங்க 1 சதவீதத்துக்கும் குறைவு, பார்வையில திருப்தின்னவங்க 95க்கு மேல. ரெண்டையும் சேர்த்துப் படிங்க. பாதிப் பேருக்கு ஏதோ ஒண்ணு வருது, பெரும்பாலானவங்க அதோட வாழ்ந்துக்கிறாங்க, ஒரு சிலர் மாட்டிக்கிறாங்க.

வறட்சி அறுபட்ட நரம்பால வாறது. பெரும்பாலும் 6 முதல் 12 மாசத்துல குறையும், சிலருக்கு நிக்கும். முன்னாடியே வறண்ட கண்தான் பிறகு மாட்டும், அதனால காகிதத் துண்டு டெஸ்ட் செய்யச் சொல்லுங்க. 5 நிமிஷத்துல 10 மில்லிமீட்டருக்கு மேல நனைஞ்சா நல்லது, 5க்குக் கீழன்னா முதல்ல வறட்சியைக் கவனிக்கணும். சொட்டுக் கண்ணீர் வாங்கினா பதப்படுத்தும் மருந்து இல்லாத, ஒரு தடவை பாவிக்கிற சின்னக் குப்பி.

கர்ப்பத்துலயும் பால் கொடுக்கிற காலத்துலயும் பவர் அசையும், அப்ப அளவும் எடுக்க மாட்டாங்க, ஒப்பரேஷனும் செய்ய மாட்டாங்க. பிறகு பால் நிறுத்தி 3 மாசம் போகணும். கல்யாணத்துக்கு முன்னாடி செய்யறதா இருந்தா இடையில 6 மாசமாவது வைங்க. அவசரம் இல்லைன்னா பிறகு செஞ்சாலும் கண் எங்கயும் போயிராது.

முதல்ல அலர்ஜிக்கு சொட்டு வாங்கிக் கசக்குறதை நிறுத்துங்க. இந்த மாசமே டொரிக்கைக் கழட்டிட்டு 2 கிழமை கண்ணாடி. அப்புறம் வேற இடத்துல ஸ்கேன், விழித்திரை, கண்மணி அளவு மூணும். அதுக்கு முன்னாடி யாருக்கும் முற்பணம் கட்டாதீங்க.

நானுஓயா ஸ்டேஷன் எழுதியது:

டிசம்பர் பத்தி. லீவு கணக்குக்கு சரி. ஆனா டிசம்பர் போயாவோட (பௌர்ணமி லீவு) சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கிரும், ஹட்டன் ரோட்டுல வண்டி நகராது. செக்கப் திகதியை போயாவுக்குப் பக்கத்துல எடுக்காதீங்க. ஸ்கூட்டரை 2 கிழமைக்கு மறந்துருங்க, இரவு ஓட்டத்தை டொக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும். முழு முக ஹெல்மெட்டைக் கழட்டும்போது அதோட உள்பஞ்சு கண்ணுல உரசி மூடியை விலக்கிரலாம். லேசிக்னா முதல் மாசம் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, ரெண்டு பக்க வாரையும் விரிச்சுப் பிடிச்சு மேல தூக்குங்க.